ஏழு சொட்டு இரும்பு

இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஜெயராஜ் எனக்குத் தர வேண்டிய பணம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தொகையைச் சரியாகச் சொல்லிவிட்டேன். இனி சொல்லப்போவதும் அப்படித்தான். நேரமெல்லாம் என் செல்போனில் பார்த்தது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நான். இப்போது யார் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்கு மில்லில் இரண்டு பேருக்கும் வேலை. ஜெயராஜ் உலை மேடைமேல் நின்று பழைய இரும்பை உள்ளே தள்ளுவான். நான் கீழே காஸ் கட்டிங், தீயால் இரும்பை அறுக்கிற வேலை. ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை ஒரு ஹீட் என்போம். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர். ஊற்றிய இரும்பு நீளநீளக் கட்டையாக வரும். அதன் தலையில் அந்த நம்பரை வெள்ளை பெயின்டில் எழுதி வைப்பார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது நாற்பது வயசுக்கு மேல்தான். அதற்கு முன்பே அந்த நம்பர்கள் எனக்குத் தெரியும்.

வார லீவு வந்தால் இருவரும் பழவேற்காட்டுக்குப் போவோம். கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுவோம். ஜெயராஜ் என்னிடம் கடன் வாங்கியதே ராடும் ரீலும் வாங்கத்தான்.

ராடு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அலையில் வீசுகிறவனுக்கு உயிர் செட்டுதான். கெட்டித் தூண்டில் நரம்பு ஒன்று. அதில் கிளை மாதிரி மூன்று மெல்லிய நரம்பு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். அடியில் கனம். கிழங்கான் மீனுக்குச் சின்ன முள், குட்டைக் கிளை. கொடுவாவுக்கு ஒரே பெரிய முள், முழ நீளக் கிளை. நீரோட்டம் அதிகம் என்றால் கனத்தைக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டுவான் ஜெயராஜ். நரம்பை ஏழு சுற்று சுற்றுவான். எச்சில் தொட்டு இழுப்பான். மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவான்.

"எச்சி வெச்சி இஸ்த்துக் கட்டு நைனா. காஞ்ச நரம்ப இஸ்த்தா சூடு ஏறும். சூடு பட்ட நரம்பு மீன தாங்காது."

நான் கட்டினால் நுனியை வெட்ட கட்டர் வேண்டும். அப்படியும் அவிழும்.

"உன் முடிச்சப் பாத்தா மீனே சிரிச்சுக்கினு பூடும்பா" என்பான்.

அடியில் கட்டும் கனத்துக்குக் கடையில் ஈயக்குண்டு விற்கிறது. நாங்கள் வாங்கியதில்லை. இரும்பை ஊற்றும்போது கீழே சிந்தும். ஆறினால் சொட்டுச் சொட்டாக உறைந்து கிடக்கும். பெரிய நெல்லிக்காய் அளவு. நூறு கிராம் இருக்கும். அதில் ஓர் ஓட்டை போட்டால் ஈயத்துக்குக் காசு மிச்சம்.

பிப்ரவரி மாதம், புதன்கிழமை நைட் ஷிப்ட். விடியற்காலை 2.40. ஹீட் நம்பர் 1184.

மேடையில் ஜெயராஜுக்குக் கால் வழுக்கியது.

கத்தல்கூட இல்லை. உலைக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் எழும்பி அடங்கியது. அவ்வளவுதான்.

உலையை நிறுத்தவில்லை. உள்ளே இரும்பு உறைந்தால் உலையே போய்விடும் என்றார்கள். 1184-ஐ ஊற்றினார்கள்.

காலை ஏழு மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆளு எத்தினி கிலோ?"

மெடிக்கல் சீட்டில் பார்த்தோம். அறுபத்து மூன்று.

"பொதைக்க ஒடம்பே இல்ல. அந்த ஹீட்லருந்தே அறுபத்து மூணு கிலோ அறுத்துக் குடு. பெட்டி வந்துக்கினு கீது."

போய்ப் பார்த்தேன். 1184 கட்டைகள் இன்னும் சிவப்பாகக் கிடந்தன. பெட்டியில் வைத்தால் மரம் தீப்பிடிக்கும். ஆற சாயங்காலம் ஆகும். என் ஷிப்ட் ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. எனக்குத் தூக்கம். பக்கத்தில் 1179 இருந்தது. முந்தின நாள் ஊற்றியது. ஜில்லென்று இருந்தது.

இரும்பு இரும்புதானே என்று நினைத்தேன். 1179-இல் அறுத்தேன். இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஐந்தரை அடி ஆள். அறுக்கும்போது என் மனசில் ஓடியது ஒன்றுதான். இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது இனி யார் தருவார்கள்?

அன்று மாலை அந்தக் கட்டையைப் பெட்டியில் வைத்து, எளாவூர் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவன் பெண்டாட்டி ஞானம்மா குனிந்து அதற்கு முத்தம் கொடுத்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் 1184 கட்டைகள் எல்லாம் லாரி ஏறிப் போய்விட்டன.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள்.

"வாண்ணா. டீ போடவா?"

"வேணாம்மா. ஜெயராஜ் ஒரு டப்பு விஷயம் சொல்லியிருப்பானே…"

அவள் எழுந்தாள். உள்ளே போய் ராடையும் சாமான் டப்பாவையும் எடுத்து வந்தாள்.

"ஏழு செட்டு கட்டி வெச்சிருக்காரு. இனிமே யாருக்கு? எட்த்துக்கினு போண்ணா. கணக்கு தீந்துச்சா?"

நான் ரீலைச் சுற்றிப் பார்த்தேன். "பழசாயிடுச்சும்மா. ஆயிரத்து ஐந்நூறு போட்டுக்கலாம். மீதி எண்ணூத்தி அம்பது."

அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"அவரு யாருக்கும் பாக்கி வெச்சதில்ல. குடுத்துடுவாரு."

அழுத களைப்பில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை என் லீவு. ஜெயராஜ் கட்டிய ஏழு செட்டிலும் கனம் மட்டும் இல்லை. திங்கட்கிழமையே கிரேன் ஓட்டுகிற லோகுவிடம் கேட்டிருந்தேன். ஓட்டை போட்டே ஏழு சொட்டு வைத்திருந்தான்.

"எட்த்துக்கபா. மீன் மாட்னா எனக்கு ரெண்டு குடு."

ஏழு செட்டிலும் ஏழு சொட்டைக் கட்டினேன். தனியாகத்தான் கிளம்பினேன்.

இரவு 11.20. பழவேற்காடு. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். தலையில் கட்டும் லைட் ஒன்று. கால் கிலோ இறால்.

11.45. கிழங்கானுக்குக் கட்டிய சின்ன முள் செட்டை எடுத்தேன். மூன்று முள்ளிலும் இறால் கோத்து வீசினேன்.

12.10. அசைவே இல்லை. சுற்றி எடுத்தேன். மூன்று இறாலும் அப்படியே இருந்தன. ஆனால்…

இறால் சிவந்திருந்தது.

பச்சை இறால் சாம்பல் நிறமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லோருக்கும் தெரியும். இது சிவந்து, சுருண்டு, குழம்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. லைட்டைக் கிட்டே கொண்டுபோனேன். மோந்து பார்த்தேன். வெந்த வாசனை.

கடைக்காரன் பழைய இறாலைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனைத் திட்டினேன். மூடியைத் திறந்து மிச்சத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம். பச்சை.

மறுபடி கோத்தேன். வீசினேன்.

1.15. சின்ன இழுப்பு. சுற்றினேன். கெளுத்தி ஒன்று. துள்ளவில்லை. கண் இரண்டும் வெள்ளையாக இருந்தன. முள்ளைக் கழற்ற மீனைப் பிடித்தேன்.

தோல் என் கையோடு வந்தது.

உதறிப் போட்டேன். அப்போதுதான் அடியில் தொங்கிய சொட்டைப் பார்த்தேன். நரம்பு ஈரம். முள் ஈரம். இரும்பு மட்டும் காய்ந்திருந்தது. தொட்டால் இளஞ்சூடு.

சுற்றும்போது ரொம்பக் கனமாக வேறு இருந்தது. நூறு கிராம் கனம் இல்லை அது.

ஜெயராஜின் டப்பாவில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு இருந்தது. நம்பர் காட்டுகிற மாதிரி. எந்த மீனையும் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்ல மாட்டான். இதில் மாட்டித்தான் சொல்வான். சொட்டை அதில் மாட்டினேன்.

9.00.

ஒன்பது கிலோ.

தராசு கெட்டுப்போய்விட்டது என்று என் செருப்பை மாட்டினேன். 0.31. சரியாகத்தான் காட்டியது. சொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நெல்லிக்காய் கனம்தான். திரும்ப மாட்டினேன்.

9.00.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்காவது மீன் பிடிக்காமல் போவதில்லை என்று ஒரு வீம்பு. மறுபடி வீசினேன். ராடைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

2.31. காற்று நின்றது.

2.36. அலைச் சத்தத்துக்கு நடுவில் வேறு ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்…

காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் வரும் சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிறேன். எனக்குத் தெரியாதா?

ஸ்ஸ்ஸ்…

2.40.

நரம்பு தளர்ந்தது.

மீன் இழுத்தால் நரம்பு இறுகும். இது தளர்ந்தது. சுற்றினேன். இறுகியது. மறுபடி தளர்ந்தது. சுற்றினேன்.

தளர்ந்தது.

அந்தப் பக்கம் இருப்பது கரைக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு தப்படி. நிற்கும். இன்னொரு தப்படி.

லைட்டைத் தண்ணீர்மேல் அடித்தேன். யாரும் இல்லை. ஆனால் அலை ஓர் இடத்தில் பிளந்தது. இரண்டு இடத்தில். முழங்கால் ஆழத்தில் ஆள் நின்றால், தண்ணீர் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு போகுமே… அப்படி.

அந்த இரண்டு இடத்திலும் ஆவி வந்தது.

ஸ்ஸ்ஸ்…

கணுக்கால் ஆழம்.

ஈர மணல்.

மணலில் ஒரு குழி. அதிலிருந்து புகை.

இன்னொரு குழி.

ராடைப் போட்டேன். ஓடினேன்.

பைக் எப்படி ஸ்டார்ட் ஆனது என்று எனக்குத் தெரியாது. கடைத்தெரு வந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். நரம்பைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலில் ஒரு கோடு. வெந்து வெளுத்திருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

விடிந்ததும் திரும்பிப் போனேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ராடை விட எனக்கு மனசு வரவில்லை. என்ன ஆள் இவன் என்று நினைப்பீர்கள். இப்படிப்பட்ட ஆள்தான்.

6.10. மணலில் குழி எதுவும் இல்லை. நான் போட்டுவிட்டு ஓடிய ராடு, மணலில் நட்டபடி நேராக நின்றது. டப்பா மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு செட்டு இல்லை.

நரம்பு இறுகி ஆடிக்கொண்டிருந்தது. சுற்றினேன். ஒரு கொடுவா வந்தது. உயிரோடு, துள்ளிக்கொண்டு.

அது மாட்டியிருந்த செட்டு நான் வீசியது இல்லை. நான் போட்டிருந்தது மூன்று சின்ன முள். இது கொடுவாவுக்கான ஒற்றைப் பெரிய முள். டப்பாவுக்குள் கிடந்த செட்டு. என் செட்டைக் கழற்றிவிட்டு யாரோ இதைக் கட்டியிருந்தார்கள். கழற்றிய செட்டைக் காணோம்.

செட்டை ராடு நரம்போடு சேர்த்த முடிச்சை எண்ணினேன். ஏழு சுற்று. நுனி கட்டரால் வெட்டியது இல்லை.

பல்லால் கடித்தது.

நரம்பை அறுத்தேன். அந்தச் சொட்டைக் கையில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கடலில் வீசினேன். தூர, ரொம்பத் தூர.

மீனை மட்டும் எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் மீன் வியாபாரம் பண்ணுகிற ரோசம்மாளிடம் போட்டேன்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? ராத்திரி பூரா மீன் உன்னப் புடிச்சிச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நிறுத்தாள்.

"ஒரு கிலோ எழுநூறு கிராம். கிலோ ஐந்நூறு ரூபா. இந்தா."

எண்ணிக் கொடுத்தாள். எண்ணூற்று ஐம்பது ரூபாய்.

நான் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஷிப்டில் லோகு வந்தான். "இன்னாபா, எனக்கு மீனே குடுக்கல? அந்தச் சொட்டுங்கள வெச்சா சும்மா இஸ்த்துக்கினு வரணுமே."

"அதுங்க எப்பப் பொறுக்கினது லோகு?"

அவன் நாலு பக்கமும் பார்த்தான். குரலை இறக்கினான்.

"அன்னிக்கிதான். 1184 ஊத்தறப்ப சிந்தினது. கீழ எறங்க எல்லாரும் பயந்தானுங்க. நான்தான் எறங்கினேன். ஏழே ஏழு கெடந்துச்சு."

லாரி ஏறிப்போன கட்டைகள் கம்பியாகி எந்த ஊர் வீட்டிலோ இருக்கும். மில்லில் மிஞ்சியது அந்த ஏழு சொட்டுதான். ஒன்று கடலில், கழற்றிய செட்டோடு ஒன்று காணோம். மற்றவற்றைத் தேடி வீட்டுக்கு ஓடினேன். டப்பாவில் மிச்ச செட்டுகள் இருந்தன. கனம் கட்டிய இடங்கள் எல்லாம் பொசுங்கி அறுந்திருந்தன. ஒரு சொட்டுகூட இல்லை.

ஒரு சொட்டு ஒன்பது கிலோ. ஏழு சொட்டு. எனக்குப் பெருக்கல் தெரியும்.

அறுபத்து மூன்று.

அடுத்த மாதம் ஏழாம் தேதி ஞானம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கம்பெனியில் பெருக்கும் வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளம். கர்ச்சீப்பில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள்.

"இந்தாண்ணா. எண்ணூத்தி அம்பது."

"வேணாம்மா. தீந்துபோச்சு."

"எப்டி?"

"ஜெயராஜே குடுத்துட்டான்."

சாவதற்கு முன்பே கொடுத்திருந்தான், நான்தான் மறந்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தனை நாள் கழித்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"நான் சொன்னேன்ல? அவரு பாக்கி வெக்க மாட்டாரு."

பணத்தை மறுபடி முடிந்துகொண்டாள். பத்து ரூபாயை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்திக்கு.

"போற வழியில கல்லறைக்குப் போயி, அவருகிட்டயே சொல்லிட்டுப் போறேண்ணா."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே புதைத்திருப்பது 1179-இல் அறுத்தது என்று, அவள் தெருமுனை திரும்பும்வரை நான் சொல்லவில்லை.