"புரியறதா, அண்ணாச்சி?"

செவ்வாய்க்கிழமை காலை, டீக் கெட்டிலோடு மாட்டுங்கா அலுவலகத்துப் படி ஏறும்போது செல்வி எதிரே வந்தாள். "அண்ணாச்சி, லலிதா மேடம் போயிட்டாங்க. செம்பூர் வீட்டுல, விடியக்காலம்." அன்று நான் யாருக்கும் டீ ஊற்றவில்லை.

மேடத்தை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும், நம் அலுவலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுகிறோம். இது தலைப்பு, இது பத்தி என்று குறிகள் போட்டுத் தட்டி முடித்த எக்ஸ்எம்எல் கோப்பைக் கணினி சரிபார்க்கும். முன்பெல்லாம் அது சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் கத்தும். அப்போது தாராவியிலிருந்து புதிதாகத் தட்டச்சு வேலைக்கு வந்திருந்த செல்வி, மூட வேண்டிய ஒரு டேக்கை, அந்தக் குறியை, மூடாமல் விட்டுவிட்டாள். நாற்பது சிவப்பு வரிகள். அழுதுகொண்டு பையை எடுத்துவிட்டாள். அந்தச் சரிபார்ப்பு நிரலைக் கவனித்துவந்த லலிதா மேடம் வாசலில் மறித்தார். "தப்பு ஒண்ணுதாண்டி. அதுக்கு நாப்பது தடவை கத்தறது. அதை நான் அடக்கறேன், நீ உக்காரு."

அடக்கினார். முதல் பிழையை மட்டும் சொல்லிவிட்டுக் கணினி நிற்கும்படி செய்தார். வெறும் எச்சரிக்கைகளை மஞ்சள் நிறமாக்கி, கடைசியில் வரச் செய்தார். எல்லாவற்றையும் தமிழில் எழுதினார்.

அந்தச் சமயம்தான், அறுபத்தெட்டு வயதில், நான் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தேன். ஒரு நாள் தட்டோடு நின்று ஒரு மஞ்சள் வரியை எழுத்துக் கூட்டினேன்: 'பக்க எண் இல்லை. பரவாயில்லை, பிறகு சேர்க்கலாம்.' படித்துவிட்டேன்! சந்தோஷத்தில் பாதி டீ தட்டில் கொட்டியது. மேடம் திரும்பினார். "புரியறதா, அண்ணாச்சி? உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

அதன்பின் ஒவ்வொரு செய்தியையும் தாளில் எழுதி என்னிடம் தருவார். நான் "புரியுது" என்ற பிறகே அது கணினியில் ஏறும். "டீக்காரர் பாஸ் போட்டாத்தான் நம்ம கம்ப்யூட்டர் வாயத் தொறக்கும்" என்று செல்வி கேலி செய்வாள். ஒரு தாளைப் படித்துவிட்டு, "இது போலீஸ்காரன் மாதிரில்லா பேசுது" என்றேன். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்து, மாற்றி எழுதினார்.

போன வெள்ளிக்கிழமையும் ஒரு தாள் தந்தார். "திங்கக்கிழமை படிக்கேன் மேடம், டீ ஆறுது" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை.

அவரை அனுப்பிவிட்டு வந்த மறுநாள், அலுவலகத்தில் அந்தத் தாளைப் பிரித்தேன். கோப்பு முடியாமல் அறுந்துபோனால் வர வேண்டிய செய்தி அது. படிக்க வெகுநேரம் ஆயிற்று. 'இந்தப் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. இதுவரை செய்தது எதுவும் வீணில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.'

அவர் நாற்காலியைப் பார்த்து, "புரியுது மேடம்" என்றேன். செல்வி அதைக் கணினியில் ஏற்றினாள்.

தாள் என்னிடம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, டீ ஆறினால் ஆறட்டும் என்று நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்திருக்கலாம்.