அம்மாவுக்கு நான் சொன்ன குறுக்குவழி

கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூஷன் எடுக்கிறேன். அண்டவெளியின் குறுக்குவழிகள் சிலபஸில் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். தாளின் இரண்டு மூலையிலும் புள்ளி வைத்து, தாளை மடித்து, இரண்டையும் சேர்த்துப் பென்சிலால் குத்திக் காட்டுவேன். இது கணக்கில் மட்டும்தான் இருக்கிறது, மனிதர் எவரும் நுழைந்து வந்ததில்லை என்றும் சொல்வேன். அம்மாவிடம் அந்தக் கடைசி வரியை விழுங்கிவிட்டேன்.

அம்மா கொட்டாஞ்சேனை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சில நாள்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தம்பி கனடாவில். அகதி வழக்கு முடியாததால் அவனால் வர முடியாது. "எப்ப வாறான்?" என்று அம்மா நாளுக்குப் பத்துத் தரம் கேட்டு அழுவார். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒரு மத்தியானம், அவர் வாயை அடைக்கத்தான், டொக்டர் மருந்து எழுதித் தந்த கடதாசித் துண்டை மடித்துக் காட்டினேன்.

"இதில கனடா, இதில கொட்டாஞ்சேனை. இப்ப இப்பிடி ஒரு வழி இருக்கம்மா. இதுக்குள்ளால வந்தா ஒரு நிமிஷம்."

அம்மா துண்டை வாங்கிப் பார்த்தார். "ஃபோனில முகம் வருதுதானே. ஆளும் வரும்," என்றார். அழுகை நின்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. சாகும் நேரத்தில் ஃபாதர் வந்து எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் சாவதற்குத்தான் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அதிகம் பயப்படுவார்கள். ஓடிப்போய் ஃபாதரைக் கூட்டிவந்தேன். அவர் எண்ணெயை எடுத்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்ணெய் பூசினா நான் போயிடுவன், ஃபாதர். மகன் இப்ப வந்திடுவான். அவனைப் பாத்திட்டுப் பூசுறன்."

"அம்மா, நான் சொன்னது பொய். அப்பிடி ஒரு வழி இல்லை," என்றேன்.

"நீ சயன்ஸ் படிப்பிக்கிறனீ. பொய் சொல்லமாட்டாய்."

விருப்பமில்லாமல் பூசக்கூடாது, பின்னேரம் வந்து பார்க்கிறேன் என்று ஃபாதர் போனார். பின்னேரத்துக்கு முன்னமே அம்மா போய்விட்டார், கண் வாசலைப் பார்த்தபடி. திரும்பி வந்த ஃபாதர், உயிர் போனபின் பூசுவதில்லை என்று, இறந்தவருக்கான ஜெபத்தை மட்டும் சொன்னார்.

தம்பி ஃபோனில் கதறினான். கடைசியில், "அக்கா, அம்மாவுக்கு ஃபாதர் எண்ணெய் பூசினவரோ?" என்று கேட்டான்.

"ஓம், பூசினவர்," என்றேன்.

அவனும் என்னை நம்பினான்.