ஐந்து போத்தல் கடற்கரை

போன சனிக்கிழமை நானும் என் மகளும் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே வீடு திரும்பினோம். எங்களிடம் கார் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதுவும் கராஜில் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. பஸ், ஆட்டோ, இரண்டு கால்கள்... அன்றைக்கு எங்கள் வாகனங்கள் இவைதான்.

'இதில் என்ன பெரிய விஷயம், பஸ் ஓடுகிறதுதானே?' என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. பஸ் ஓடுகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பயணம் போவதற்கு பஸ் ஓடினால் மட்டும் போதாது. சொந்தக்காரர்களும் விட வேண்டும்!

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஹனா ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். திங்கட்கிழமை அவள் வகுப்பில் கண்காட்சி. யார் யார் என்ன கொண்டுவருவீர்கள் என்று டீச்சர் கேட்டாராம். இவள் எழுந்து நின்று, ஐந்து ஊர்களின் கடற்கரை மண்ணை ஐந்து போத்தல்களில் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டாள். கல்முனை, ஒலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். பக்கத்து வாங்கில், அதாவது பெஞ்சில், இருக்கும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கட வாப்பாட்ட கார் இல்லையேடி. எத்தின நாள் நடப்பாய்?"

இவளா விடுவாள்? "ஒரே நாள்ல போய் வருவன். நானே என்ட கையால அள்ளுவன். பாரு!" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. ஐந்து ஜேம் போத்தல்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"வாப்பா, கார் இல்லாம ஏலாதா?"

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய விஷயங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் பஸ் தெரியும். "ஏன் ஏலாது? இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை போறம்" என்றேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? இல்லை. சந்தோஷம் தாங்காமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் — 'சனிக்கிழமை நானும் மகளும் பஸ்ஸில் பொத்துவில் போகிறோம்.'

இதில் என்ன பிழை என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். அதனால் ஒரு வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்தால், மூன்று பேரும் மூன்று ஊருக்குப் போய்விடுவோம். என் காக்கா — அதாவது மூத்த சகோதரர் — அட்டாளைச்சேனையில் கலியாணம் முடித்தார். நான் கல்முனையில். தம்பி பொத்துவிலில். ஒரே பஸ் ரோட்டில் எங்களை வரிசையாக நட்டு வைத்த மாதிரி!

அந்த ரோட்டால் போகிறவன் காக்காவின் சந்தியில் இறங்காமல் போனால் அது சும்மா விடக்கூடிய குற்றமில்லை. காரில் போனாலாவது தப்பலாம். 'கண்ணாடி ஏத்தி இருந்திச்சு, காணல்ல' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம். பஸ்ஸுக்கு ஏது கண்ணாடி? ஜன்னல் முழுவதும் நம் முகம்தானே!

சனிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு நேராகக் கல்முனைக் கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹனா குனிந்து ஈர மண்ணை அள்ளி முதல் போத்தலை நிரப்பினாள். பிறகு பஸ் ஏறினோம். ஒலுவில் சந்தியில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போவதுதான் திட்டம்.

காரைதீவு தாண்டவில்லை. போன் அடித்தது. காக்கா.

"எங்கடா வாறாய்?"

"காரைதீவு, காக்கா. ஒலுவில்ல இறங்கி மண் எடுத்திட்டு அங்க வாறம்."

"என்ன மண்? இடியப்பம் ஆறுது. மதினி சுபஹுக்கு முதலே எழும்பி அவிச்சது. நேரா இஞ்ச வா. திண்டு முடிய நானே பைக்கில ஒலுவிலுக்குக் கூட்டிப் போறன்."

"காக்கா, நேரம் —"

"அப்ப நீ பெரிய மனிசனாகிட்டாய், என்ன?"

"வாறன் காக்கா" என்றேன். ஒலுவில் சந்தி ஜன்னலுக்கு வெளியே மெதுவாகக் கடந்து போனது. ஹனா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அட்டாளைச்சேனையில் காக்கா ரோட்டிலேயே நின்றார். வீட்டுக்குள் போனால் இடியப்பம், மீன் ஆணம், இறைச்சி, பொரித்த முட்டை. முடிந்தது என்று கையைக் கழுவப் போனால் இனிப்புக்கு வட்டிலப்பம். அதற்குப் பிறகு வாழைப்பழம். பிறகு தேத்தண்ணி. மதினி என் பிளேட்டைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்:

"இதுதான் தின்ற தீனா? கல்முனையில உங்களுக்குச் சோறு குடுக்கிறல்லையா?"

ஒரு வழியாக எழும்பி வாசலுக்கு வந்தால் பைக் இல்லை. காக்காவின் மகன் அதை வயலுக்கு எடுத்துப் போயிருந்தான். காக்கா தலையைச் சொறிந்தார். "இப்ப வந்திருவான்... இரிங்க, இன்னொரு தேத்தண்ணி குடிப்பம்."

இரண்டாவது தேத்தண்ணியும் முடிந்தது. பைக் வரவில்லை. ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது. அதை விட்டால் பொத்துவில் போய்த் திரும்ப முடியுமா என்ற பயம் எனக்கு. "வரக்குள்ள ஒலுவில்ல இறங்குவம் மகள்" என்று சொல்லி அவளையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவள் காலி போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கரைப்பற்றில் பஸ் மாறி, திருக்கோவிலில் இறங்கினோம். கோயிலுக்குப் பின்னால் உடனே கடல். தோணி நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர், என் மகள் குந்தியிருந்து மண் அள்ளுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏன் புள்ள, எந்த ஊர்?"

"கல்முனை, மாமா."

"கல்முனையில மண் முடிஞ்சிட்டா?"

ஹனாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னாள். அவர் ஊசியை வைத்துவிட்டு எழும்பி வந்தார். "அப்ப இஞ்சால வந்து அள்ளு. இந்தா, கறுப்புக் கோடு கோடா இரிக்கி, பார். நம்மட ஊர்ப் பேர வடிவா எழுதோணும், சரியா?"

கறுப்பும் மஞ்சளும் கலந்த மண், போத்தலுக்குள் புலித் தோல் மாதிரி நின்றது. இவ்வளவு நாளும் மண் என்றால் மண்தானே என்று நினைத்திருந்தவன் நான்!

கோமாரியில் நல்ல வெயில். தென்னந்தோட்டத்துக்குள்ளால் நடந்தபோது தெரியவில்லை. கடற்கரைக்கு வந்ததும் மண் சுட்டது பாருங்கள்... செருப்பைக் கையில் எடுத்த ஹனா, மறுபடி காலில் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஒரே ஓட்டம். போத்தல் நிறைந்தது. ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. அதனால் உடனே பஸ் கிடைத்தது!

பொத்துவிலில் தம்பி காத்து நின்றான். "வாங்க, வாங்க, சோறு ரெடி" என்று என் கையைப் பிடித்தான். ஹனா இடையில் புகுந்து நின்றாள்.

"சாச்சா, முதல்ல மண். பிறகுதான் சோறு."

"ஆறிப்போகும் மகள்."

"ஆறட்டும். இடியப்பத்தாலதான் ஒலுவில் தவறிப் போன. சோத்தால பொத்துவிலும் போகப் போகுது."

தம்பி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு எதிராக யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. அவன் ஆட்டோவைக் கூப்பிட்டான்.

பொத்துவில் மணல்மேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தங்கத்தைக் கொட்டிக் குவித்த மாதிரி இருக்கும். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஊர். ஹனா போத்தலை நிரப்பி மூடிவிட்டு, மேட்டின் உச்சியிலிருந்து உருண்டாள். மறுபடி ஏறினாள். மறுபடி உருண்டாள். "வாப்பா, நீங்களும் வாங்க!" என்றாள். உருண்டேனா என்று கேட்காதீர்கள். வயிற்றில் அட்டாளைச்சேனை இன்னும் இருந்தது.

சோறு முடிந்து தம்பி எங்களை விடுவதற்குள் பின்னேர அஸர் தொழுகையும் முடிந்துவிட்டது. பஸ் ஏறியபோது எனக்கு விளங்கிவிட்டது. ஒலுவிலுக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர முடியாது.

அக்கரைப்பற்றில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஹனா நான்கு போத்தல்களையும் பையில் அடுக்கினாள். ஐந்தாவதை அடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் மெல்ல ஆடியது.

"கார் இரிந்தா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் எனக்குக் கூடுதலாகக் குத்தியது.

அட்டாளைச்சேனைச் சந்தியில் பஸ் திடீரென்று நின்றது. நடு ரோட்டில் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். காக்கா! எந்த பஸ் என்று தம்பி போனில் சொல்லியிருக்க வேண்டும். ஏறி வந்தார். சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு போத்தல்.

"இந்தா மகள், ஒலுவில்."

ஹனா போத்தலைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"நான்தான் அள்ளுவன் எண்டு சொன்னன், பெரியவாப்பா. இது நான் அள்ளல்லையே."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினான். "காக்கா, போறயெண்டா இரிங்க, இல்லாட்டி இறங்குங்க!"

"சும்மா இரி தம்பி, முக்கியமான விஷயம் கதைக்கிறம்" என்று அவனை அடக்கிவிட்டு, காக்கா என் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸும் புறப்பட்டுவிட்டது.

"நீ அள்ளினண்டு ஆரு சொல்லச் சொன்ன? நான் அள்ளினண்டு எழுது. உள்ளத எழுது. காலையில உன்ன மறிச்சது நான். பைக் வந்தவுடன போய்ப் பார்த்தா, கரையில மண் எங்க இரிக்கி? கடல் அரிச்சு முதலே அள்ளிட்டுப் போயிட்டு. முழங்கால் தண்ணிக்க இறங்கித்தான் இந்த அரைப் போத்தல எடுத்த."

ஹனா அவருடைய ஈரச் சாரனைப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கி, பையில் இருந்த இடைவெளியில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

பாலமுனையில்தான் காக்கா இறங்கினார். டிக்கெட் எடுக்காமல்!

திங்கட்கிழமை கண்காட்சிக்கு நானும் போனேன். நான்கு போத்தல்களில் ஊர்ப் பெயரும் 'அள்ளியவர்: ஹனா' என்பதும் இருந்தன. ஐந்தாவதில் இப்படி எழுதியிருந்தாள்: 'ஒலுவில். அள்ளியவர்: பெரியவாப்பா. காரணம்: இடியப்பம்.'

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். 'போத்தல் ஏன் அரைவாசி?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடல் கரையைத் தின்கிற கதையை ஹனா சொன்னாள். அவள் மேசையில்தான் கூட்டம்.

பக்கத்து வாங்குப் பிள்ளையும் வந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மணந்து பார்த்தாள். ஐந்தாவதில் மூக்கைச் சுருக்கினாள்.

"இதென்னடி, ஒலுவில் கடல் அச்சாறு மணக்குது?"

அவசரத்தில் காக்காவுக்குக் கிடைத்தது மதினியின் அச்சாறுப் போத்தல், அதாவது ஊறுகாய்ப் போத்தல்.

காரில் போயிருந்தால் ஐந்து போத்தலிலும் கடல்தான் மணந்திருக்கும், பிள்ளைகளே. ஒன்றிலாவது அச்சாறு மணக்க வேண்டுமென்றால்... பஸ்ஸில்தான் போக வேண்டும்!