வலிக்காத கட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் பேச்சாயியின் இடது மார்பில் அந்தக் கட்டி தென்பட்டபோது, கடைக்குட்டி பால்குடி மறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அதைப் பால்கட்டு என்றே நம்பினாள். சித்தையன்கோட்டைப் பக்கம் அதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். தோட்டமே மல்லிகைத் தோட்டம், பூவுக்கா பஞ்சம்?

பூ வாடியது, கட்டி வாடவில்லை. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள். வலிக்காததை நோயென்று சொல்லிப் படுத்துக்கொள்ள, கருக்கலில் எழுந்து பூப்பறித்து, சோறாக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவளுக்கு ஏது நேரம்? மார்பைப் பற்றி யாரிடம் வாய் திறப்பது? புருஷன் சோலைமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் கேட்கிற ஆள் இல்லை.

கட்டி பெருத்து, உடைந்து, புண்ணானது. பால் வற்றக் கட்டிய பூவை இப்போது நாற்றத்தை மறைக்கக் கட்டினாள். பூவுக்கும் அடங்காமல் நாறிய பிறகுதான் சோலைமுத்து அவளைத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற்றினான். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

"வலிக்காம இருந்தப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்மா. இப்பக் கைமீறிப் போச்சு" என்றார் டாக்டரம்மா.

பேச்சாயிக்கு அழுகை வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் தினமும் புண்ணைக் கழுவிவிட்டவள் கண்ணம்மாள், கொழுந்தன் வேலுசாமியின் பெண்டாட்டி. ஒருநாள் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அக்கா, எனக்கும் ஒன்னு இருக்கு. கடலைப்பருப்பு அம்புட்டுத்தான். வலிக்கல."

வேலுசாமி தோட்டத்திலிருந்து வந்ததும் பேச்சாயி அவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு மொதப் பஸ்ஸுல இவள மதுரைக்குக் கூட்டிட்டுப் போ அப்பு. இவளுக்கும் கட்டி இருக்கு."

வேலுசாமி பூக்கூடையை உதறிக் கவிழ்த்தான்.

"பூ கொட்டுற நேரம் மதினி. இம்புட்டையும் யாரு பறிக்கிறது? வலிக்கலைங்கிறாள்ல, ஆடி கழியட்டும்."

மல்லுக்கட்ட பேச்சாயிக்குத் தெம்பில்லை. கொழுந்தன் முன்னால் முந்தானை சரிய ஒருநாளும் நின்றவளில்லை. இப்போது தானே முந்தானையை விலக்கி, கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"ஐயோ மதினி" என்று வேலுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாத. நல்லாப் பாரு. இதும் வலிக்காமத்தான் இருந்துச்சு."

மறுநாள் பறிக்க ஆளில்லாமல் மொட்டெல்லாம் செடியிலேயே மலர்ந்தன. பொழுது சாயும் நேரம் அந்த வாசம் வீடு முழுக்க வந்தது. பேச்சாயி வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அயர்ந்து தூங்கினாள்.