வாங்க, எல்லாம் சகஜம்

"வாருங்கள், எங்கள் நாட்டில் தொழில் தொடங்குங்கள்" என்று வெளிநாட்டாரைக் கூப்பிடுவதுதான் எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. இந்திய வம்சாவளிக்காரர் பிரதமரானது பிடிக்காமல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அந்த வருஷமும் அதே வேலைதான். சொந்த வீட்டில் யாரும் தொடாத சரக்கைக் கடையில் கூவி விற்றவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

ஒரு தொலைபேசி

சிட்னியிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி கூப்பிட்டு, ஊர் எப்படி இருக்கிறது என்றார். மேலிடம் சொல்லிக்கொடுத்தபடி, எல்லாம் சகஜ நிலைக்கு வந்துவிட்டது என்று தேனொழுகச் சொன்னேன். மனிதர் குளிர்ந்துபோய், மற்ற விவரங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடட்டுமா என்றார். அந்த நேரத்தில் ஆபீஸில் யாரும் இருக்க மாட்டோம், ஊரடங்கு என்று உளறிவிட்டேன். அவர் உடனே கேட்டார்: "உங்க ஊர்ல இதுக்குப் பேர்தான் சகஜமா?"

அட்டைப்படம்

எங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஊழியர்கள் நாலு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அவர்களில் என்னைப் போல இந்திய வம்சாவளிக்காரர்களான மூன்று பேரும் குடும்பத்தோடு நாட்டை விட்டே போய்விட்டார்கள். மிஞ்சியவன் சேரு ஒருத்தன்தான். அவன் இந்த மண்ணின் பூர்வகுடி, எங்கே போவான்? அந்த நாலு பேரையும் சந்திக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றபோது நான் விட்டத்தைப் பார்த்தேன். சேரு என் காதோரம் நம்மூர் இந்தியில் சொன்னான்: "ஆக்லாந்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லுடா. நம்ம கிளை ஆபீஸ் இப்ப அங்கதான்."

தங்கைக்கு ஆலோசனை

என் தங்கை சரோஜா சுவாவை அடுத்த நகாசியில் டீச்சர். கலவரத்தில் அவள் வீட்டு ஜன்னலைக் கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். நியூசிலாந்து விசா கைக்கு வந்ததும், போவதா இருப்பதா என்று என்னைத்தான் கேட்டாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில், கல்யாணமான பிறகும் அவளுக்கு நான் சொல்வதுதான் முடிவு. "போயிடும்மா" என்றேன். அன்று காலையில்தான் ஒரு ஜப்பான்காரரிடம், குடும்பத்தோடு வந்து குடியேறலாம், பயமே இல்லை என்று அளந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சிரித்தாள்: "எனக்குச் சொன்னதை ஆபீஸ்ல சொல்லிடாதண்ணே, சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

நாந்தி விமான நிலையம்

அவள் கிளம்பும் நாளில்தான் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் முதலாளி வந்து இறங்கினார். ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன், லீவு கிடைக்கவில்லை. வழியனுப்ப வர முடியாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். அதே விமான நிலையத்துக்கு இன்னொருவரை வரவேற்கப் போகிறேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஒரு கையில் விருந்தாளிக்குப் போடும் சலுசலு பூமாலை, இன்னொரு கையில் முதலாளியின் பெயர் எழுதிய அட்டை. இந்தக் கோலத்தில் நான் நின்றபோது, புருஷன் பிள்ளைகளோடு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த சரோஜா பார்த்துவிட்டாள். "அண்ணே, வந்துட்டியா!" என்று ஓடிவந்து, மாலைக்குக் கழுத்தை நீட்டிக் குனிந்தாள். இருப்பது ஒரே மாலை, அதுவும் சர்க்கார் மாலை. உள்ளேயிருந்து பயணிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். குனிந்தவள் கண்ணில் அட்டை பட்டது. மெல்ல நிமிர்ந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவள் கோபிக்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "அவருக்கே போடுண்ணே. வர்றவங்களுக்குத்தானே மாலை."

தான் வரச் சொன்னவருக்கும் தானே போகச் சொன்னவளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எங்கள் துறையில் இதுவரை யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.