பாவாயியின் எருமைத் துறை

பாவாயியோடு சண்டை போடாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. நானும் போட்டிருக்கிறேன். ஏரிக்கரை மேல் இருக்கும் டீக்கடை என்னுடையது, பால் அவளுடையது. பாலில் தண்ணீர் அதிகமாக இருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேன். "உன்ற டீயில மட்டும் என்ன இருக்குதாமா?" என்று கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் திருப்பிக் கேட்டாள். லாரிக்குப் போன புருஷன் ஆந்திராப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளுக்கு மிச்சம் நாலு எருமையும் அந்த வாயும்தான்.

சேலத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து படகில் சுற்ற ஒரு ஏரி வேண்டும் என்று சர்க்கார் தேடியது. எங்கள் ஆவாரங்காட்டு ஏரி, இல்லையென்றால் பக்கத்துக் கரட்டுப்புதூர் ஏரி என்று பேச்சு வந்தது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. காடு தோட்டம் விலை ஏறும், கடை கண்ணி வரும் என்றார் தலைவர் வேலுமணி. நானும் பெரிய வடைச்சட்டி ஒன்று வாங்கி வைத்தேன்.

பாவாயி மட்டும் ஒரே கேள்வியோடு திரிந்தாள். படகு அவள் வாயில் போட்டு. "போட்டு உட்டா என்ற எருமை எங்க படுக்கும்?"

கோடையில் மத்தியானம் தண்ணீரில் கிடக்காத எருமைக்குப் பால் வற்றிவிடும். பால் வற்றினால் அவள் பாடு அவ்வளவுதான். ஊர்க்கூட்டத்திலும் கேட்டாள்.

"அக்கோவ், ஊரே முன்னுக்கு வருது. நீ எருமை வாலப் புடிச்சுத் தொங்கற," என்றார் வேலுமணி.

"முன்னுக்கு நீ போ சாமி. பின்னால பால் கேட்டு வந்துறாத."

சிரித்தார்கள். கேட்டதற்குப் பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏரியைப் பார்த்து முடிவு செய்ய அதிகாரிகள் வருவதற்கு முன்பு, எருமைகள் இறங்கும் சரிவையே பொக்லைன் வைத்துச் செதுக்கிப் படகுத் துறையாக்கினார்கள். மற்ற கரையெல்லாம் முழங்கால் சேறும் சீமைக்கருவேல முள்ளும். அன்றைக்கு ஒரு பொழுது எருமைகளைக் கட்டிப் போடு என்று அவளிடம் போய்ச் சொன்னேன். கதவை என் மூக்குக்கு நேராகச் சாத்தினாள்.

அன்னப்பறவைக் கழுத்து வைத்த படகு லாரியில் வந்து இறங்கியது. மேலதிகாரியும் இன்னொருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நடு ஏரிக்குப் பெடலை மிதித்துப் போனார்கள். ஊர் கை தட்டியது. மத்தியானம் ஆனதும் பாவாயி எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழி மறித்தோம். எருமைக்கு ஊர்த் தலைவரைத் தெரியுமா? நாலும் பழைய சரிவில் இறங்கி, துறையை அடைத்துப் படுத்துக்கொண்டன. வேண்டுமென்றே செய்தாள் என்று ஊர் சொல்கிறது. வேண்டுமென்றேதான் செய்தாள். அவளே சொல்கிறாள்.

படகு திரும்பி வந்தது. கரை ஏற இடமில்லை. வேலுமணி குச்சியால் அடித்துப் பார்த்தார். எருமை காதை ஆட்டியது. பாவாயி குரலுக்கு மட்டும்தான் அதுகள் எழும்.

"கூப்புடு பாவாயக்கா, மானம் போகுது," என்று கெஞ்சினார்.

"எருமைக்கு எந்தக் கரைன்னு அந்தச் சாமியச் சொல்லச் சொல்லு. கூப்புடறேன்."

வெயிலில் வெந்துகொண்டிருந்த அதிகாரி படகிலிருந்தே கத்தினார். "எந்தக் கரையும் கிடையாதும்மா! படகு விடுற ஏரியில மாடு இறங்கக் கூடாது!"

"அப்ப நீங்களும் எறங்காதீங்க," என்றாள்.

பால் கறக்கும் பொழுது வந்ததும் ஒரு குரல் கொடுத்தாள். எருமைகள் எழுந்து போயின. அதிகாரிகள் டீகூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள். படகு கரட்டுப்புதூருக்குப் போனது.

ஊர் அவளோடு பேச்சை விட்டது. நான் பாக்கெட் பாலுக்கு மாறினேன். "சந்தோசம், சொசைட்டிக்கு ஊத்திக்கறேன்," என்று போய்விட்டாள்.

இந்தக் கோடையில் கரட்டுப்புதூர் கமலவேணி தன் இரண்டு எருமைகளோடு எங்கள் கரை ஏறி வந்தாள். அங்கே ஏரியைச் சுற்றி வேலி போட்டுக் காவலும் வைத்துவிட்டார்களாம். பாவாயி தடியோடு குறுக்கே நின்றாள்.

"உங்க ஏரிக்கு என்ன கேடு?"

"எறங்க உடமாட்டேங்கறாங்கக்கா. பால் கொறஞ்சுபோச்சு."

"போட்டு வந்தப்பப் பட்டாசு வெடிச்சீங்களே, இங்க வரைக்கும் கேட்டுது. எருமை எங்க படுக்கும்னு ஒருத்தியாச்சும் கேட்டீங்களாடி?"

கமலவேணியின் எருமைகள் தண்ணீர் வாசனைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. கரட்டுப்புதூரை, அந்த ஊர்த் தலைவரை, போகிற போக்கில் என் கடையையும் சேர்த்துத் திட்டித் தீர்த்த பிறகு பாவாயி தடியை நீட்டினாள்.

"அக்கட்ட, தென்மூலை. என்ற எருமைகிட்ட உன்றது வந்துச்சு, காலை முறிச்சுப்போடுவேன்."

தென்மூலை முழுக்க முள். கமலவேணி நகராமல் நின்றாள்.

"என்ன பாக்கற? அருவா என்ற ஊட்டுல கெடக்குது, போயி எடுத்துட்டு வா. வெட்டிப்போட்டு எறக்கு."