வீடு காலி பண்ண ஒரு நல்ல மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தியின் மகன். கையில் ஸ்வீட் பாக்ஸ், முகமெல்லாம் சந்தோஷம்.

“வீட்டை வித்துட்டேன் ஆன்ட்டி. வாங்குறது என் ஃப்ரெண்டுதான். மாசா மாசம் கட்டிக்கிட்டு வருவான். முழுசா கட்டினதும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு அக்ரிமென்ட் போட்டாச்சு.”

“சாவி?”

“கொடுத்துட்டேனே! ஆவணி முடியறதுக்குள்ள பால் காய்ச்சணும்னு ஆசைப்பட்டான்.”

எடுத்த மைசூர்பாகைத் திரும்பப் பாக்ஸிலேயே வைத்துவிட்டேன். திட்டலாமா, வேண்டாமா? திட்டினேன். கேட்டுக்கொண்டு இருந்தவர், “உங்களுக்கு ஏன் ஆன்ட்டி இவ்ளோ கோவம்?” என்றார். சொல்கிறேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பதுகளில் நானும் என் கணவரும் கல்வராயன் மலையில் வேலை பார்த்தோம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதற்கு முன்பே என் பி.எஃப். லோனில் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தேன். கட்டி முடித்த மறுவருஷமே இருவருக்கும் மலைக்கு மாறுதல் வந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீடு கரையான் பிடித்துப் பாழாகும் என்று விற்க முடிவு செய்தோம்.

வந்தவர் கோதண்டம். அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, பேச்செல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். மொத்தமாகக் கொடுக்க அவரிடம் இல்லை. கொஞ்சம் முன்பணம், மீதி மாதத் தவணை, முடிந்ததும் பத்திரம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதுவரை சரி.

“சித்திரைல பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன் சார். சொந்த வூட்டு வாசல்ல பந்தல் போடணும்னு ஒரு ஆசைங்க...” என்றார் கோதண்டம்.

என் கணவர் நெகிழ்ந்துவிட்டார். நல்ல காரியத்துக்குக் கேட்கிறாரே என்று சாவியை எடுத்து நீட்டிவிட்டார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? அவர்கள் பால் காய்ச்சிய அன்று பித்தளைக் குடம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். இன்னும் என் பேரிலேயே இருக்கிற வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு நானே விருந்தாளியாகப் போய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தேன்!

நாலைந்து தவணை ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றது.

பணம் தர முடியவில்லை என்றால் வீட்டைத் திருப்பிக் கொடுங்கள், வாங்கியதில் சேர வேண்டியதைத் திருப்பித் தருகிறோம் என்று கேட்கப் போனோம். கோதண்டம் மறுக்கவே இல்லை. அதுதான் அந்த மனிதரின் சாமர்த்தியம். “கண்டிப்பா காலி பண்ணிடறேங்க” என்றார். “ஆனா இது ஆடி. ஆடில யாராவது வூடு மாத்துவாங்களா?”

நியாயம்தானே? திரும்பி வந்துவிட்டோம்.

ஆவணியில் போனோம். பெரிய பெண் முழுகாமல் இருக்கிறாளாம், தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தானாம். அவர் மனைவி ராஜாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முழுகாம இருக்கறவ இருக்குற வூட்ட மாத்தக் கூடாது நர்சம்மா. உங்களுக்குத் தெரியாததா? நாலு பிரசவம் பாக்கறவங்க நீங்க.” ஐப்பசியில் தலைதீபாவளி. கார்த்திகையில் மழை. மார்கழியில் கேட்கவே வேண்டாம். தையில், மாசியில் போய்க் கேட்டால் புள்ளத்தாச்சியை அலைக்கழிக்கலாமா என்று பழைய பாட்டு. குழந்தை பிறந்ததும் பச்சை உடம்பு. அது தேறுவதற்குள் மறுபடியும் ஆடி.

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதில் வீடு காலி பண்ணத் தோதான மாதம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்குக் கோதண்டம் சொல்லித்தான் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். “இது சிவில் மேட்டரும்மா” என்று நாற்காலிகூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். வக்கீலிடம் போனேன். “நோட்டீஸ் விடலாம், கேஸ் போடலாம். ஆனா சுவாதீனம் அவங்ககிட்ட இருக்கும்மா. வருஷக்கணக்கா இழுக்கும்” என்றார். சுவாதீனம் என்றால் வேறொன்றுமில்லை. யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் கை ஓங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் நான் கர்ப்பமானேன்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து. அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. ஊரார் பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்திவிட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்து அழுத நாட்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலைப் பாதையில் இனி ஏறி இறங்கக் கூடாது, கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

“வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கலாமே” என்றார் என் கணவர்.

சொந்த வீடு இருக்கும்போது வாடகைக்கா? ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு இருக்கிறது, அதில் யாரோ தூங்க, நான் புரோக்கர் பின்னால் அலைய வேண்டுமா? மாட்டேன் என்றேன். என் பிள்ளை என் வீட்டுக்குத்தான் வரும்.

அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். புரட்டாசியில் ஒருநாள், ஐந்தாம் மாதச் செக்கப்புக்காக மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினேன். ஒரு வாரத்தில் லீவு போட்டுவிட்டு மொத்தமாக வந்துவிடலாம், அதற்குள் கோதண்டத்தை ஒரு கை பார்த்துவிடலாம் என்று திட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்ட் காலி. கடைகளின் ஷட்டர் எல்லாம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மறியல். ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்களாம். மலைக்குப் போகிற வழியில் இருக்கும் கச்சிராயபாளையம் பக்கம்கூட வண்டி போகாது என்றார்கள்.

அந்த நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் இழக்கக் கூடாதவர்களை இழந்தன. அதை நான் வேடிக்கைக் கதையாக்க மாட்டேன். என் கதை, வயிற்றில் பிள்ளையோடு நடுரோட்டில் நின்ற ஒருத்தியின் கதை. அவ்வளவுதான்.

எங்கே போவது? எனக்கு அந்த ஊரில் தெரிந்த கதவு ஒன்றுதான். தட்டினேன்.

ராஜாமணி பதறிப்போனாள். “ஐயோ, வாயும் வயிறுமா இந்த நேரத்துல எங்க சுத்திக்கினு கீறீங்க? உள்ள வாங்க நர்சம்மா!” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். முன் அறையில் பாய் விரித்தாள். நல்லவள்தான், அதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒரு இரும்புக் கொக்கி. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் வெட்கத்தோடு சொல்லி நான் போடவைத்த தொட்டில் கொக்கி அது. அதில் கட்டிய புடவைத் தூளியில் ராஜாமணியின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தை என்ன பாவம் செய்தது? ஆனால் எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று தெளிவாகப் புரிந்தது. இத்தனை நாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்... இப்போது உள்ளே படுத்திருக்கிறேன்!

ஒரு வாரம் போனது. ரோடு திறந்தது. ராஜாமணி வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

“பஸ்ஸு வுட்டுட்டாங்களாம் நர்சம்மா. ஜாக்கிரதையா போய்ட்டு வாங்க.”

“நான் போகலை” என்றேன்.

“இன்னாது?”

“முழுகாம இருக்கறவ இருக்குற வீட்டை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் ஒரு வாரமா இங்க இருக்கேன். இனிமே எப்படி மாத்துறது?”

அவள் கையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

கோதண்டம் மாலையில் வந்து குதித்தார். “இன்னா அநியாயம் இது?” என்று தெருவைக் கூட்டினார். தெருப் பெண்கள் வந்தார்கள். என் வயிற்றைப் பார்த்தார்கள். “புள்ளத்தாச்சிய வெளிய போன்னு சொல்ற வாய் வெளங்குமா?” என்று அவரைத்தான் ஏசினார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே அவருக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? “இது சிவில் மேட்டருய்யா.”

வக்கீலிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். சிரித்தாராம். “இப்ப சுவாதீனம் அம்மாகிட்டயும் இருக்கு. எழுந்து வந்துடாம இருக்கச் சொல்லுங்க.”

மறுநாள் என் கணவர் பதறியடித்து வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “நாகரிகமா இல்லம்மா...” என்று இழுத்தார். பெட்டியை உள்ளே வையுங்கள் என்றேன். வைத்தார்.

மூன்று மாதம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ராஜாமணி என் அடுப்புக்கும் விறகு எடுத்து வைப்பாள், முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வாள். கார்த்திகையில் ஏழாம் மாத வளைகாப்பை அந்தக் கூடத்திலேயே வைத்தேன். தெரு முழுக்கச் சொல்லி அழைத்தேன். கோதண்டத்தின் சம்பந்திகளும் அன்று எதேச்சையாகப் பேத்தியைப் பார்க்க வந்துவிட்டார்கள். “யாருக்கு வளைகாப்பு?” “வூட்டுக்காரம்மாவுக்கு” என்று யாரோ சொல்ல, சம்பந்தியம்மா கோதண்டத்தை ஒரு பார்வை பார்த்தார். சொந்த வீடு என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறார் மனிதர்! அவர் ஏன் இரண்டு வருஷமாக உடும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலை குனிந்து வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பாவம்தான். அதற்காக என் பிரசவத்தை நான் பஸ் ஸ்டாண்டிலா வைத்துக்கொள்ள முடியும்?

பொய் உடைந்த பிறகு அவருக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. வக்கீல் முன்னால் ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டோம். கிளம்ப நாள் குறித்தபோது மார்கழி பிறந்துவிட்டிருந்தது.

வாசலில் வண்டி நின்றது. பாதிச் சாமான் ஏறிவிட்டது. ராஜாமணி மட்டும் திரும்பி என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“மார்கழில யாரும் வூடு மாத்த மாட்டாங்க நர்சம்மா. தை பொறந்துடட்டுமே. எண்ணி இருபது நாளு.”

எனக்கு ரசம் வைத்துக் கொடுத்த கை. நாக்கு நுனி வரைக்கும் ‘சரி, இருங்க’ என்ற வார்த்தை வந்துவிட்டது. முன்பெல்லாம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே இரண்டு வருஷம் போனது? வயிற்றில் கை வைத்துக்கொண்டேன்.

“தையில பொறக்கப் போறது என் புள்ள, ராஜாமணி” என்றேன்.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இன்னா பாத்துக்கினு நிக்கற? அந்த அண்டாவ ஏத்து.”

காலி பண்ணச் சொன்னால், நல்ல மாதம் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள். மாதத்தை நீங்கள் சொல்லுங்கள்!